டெகார்ட் முதல் கான்ட் வரை: பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாடத்திட்டத்தில் டெகார்ட், ஸ்பினோசா, லாக், ஹியூம் என்ற பெயர்களைப் பார்த்ததும் நிறையப் பேர் செய்கிற முதல் காரியம், நூலகத்தில் தடிமனான தத்துவ வரலாற்று நூல் ஒன்றை எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது. வேண்டாம். நூறு பக்கம் தாண்டுவதற்குள் யார் என்ன சொன்னார் என்பது மனப்பாடமாகியிருக்கும், ஏன் சொன்னார் என்பது நழுவிப் போயிருக்கும். இந்தப் பாடத்தில் மதிப்பெண் அந்த ‘ஏன்’ என்பதற்குத்தான்.

சுமார் 1600-க்கும் 1800-க்கும் நடுவில் எழுதிய இந்தத் தத்துவவாதிகள் ஓயாமல் ஒருவரோடு ஒருவர் வாதாடினார்கள். கடிதம் எழுதினார்கள், மறுப்பு எழுதினார்கள், மறுப்புக்குப் பதில் எழுதினார்கள், பதிலையும் மறுத்தார்கள். ஒருவரை மட்டும் தனியாக எடுத்துப் படிப்பது, தொலைபேசியில் ஒரு பக்கப் பேச்சை மட்டும் கேட்பது மாதிரி. தடை எது, விடை எது என்று ஜோடியாகப் படிக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே சொல்வதெல்லாம் இதைச் செய்வதற்கான வழிகள்தான்.

வகுப்பு தொடங்கும் முன்

பிளாட்டோவிலிருந்து வரிசையாக முடித்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும் என்று யாராவது சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். இவர்கள் எதை எதிர்த்து எழுதினார்கள் என்பது தெரிந்தால் போதும்.

அன்றைய ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அரிஸ்டாட்டிலை அடியொற்றிய இயற்பியல்தான் பாடம். கல் ஏன் கீழே விழுகிறது? உலகின் மையத்தை நோக்கிப் போவது அதன் இயல்பு. நெருப்பு ஏன் சுடுகிறது? வெப்பம் என்ற பண்பு நெருப்பிலேயே இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் வந்த புதிய இயற்பியல் இந்த மாதிரி விளக்கங்களை ஓரங்கட்டியது. உருவம், அளவு, அசைவு, இவற்றை வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்றது. சரி, அப்படியானால் நிறமும் சுவையும் எங்கே இருக்கின்றன, பொருளிலா நம்மிலா? உலகம் முழுக்கத் துகள்களின் அசைவுதான் என்றால் மனம் என்பது என்ன? கடவுளுக்கு அதில் என்ன வேலை? உங்கள் வினாத்தாளில் வரப்போகிற கேள்விகளில் பெரும்பாலானவை இங்கிருந்து கிளம்பியவை.

இதில் ஆபத்தும் இருந்தது. 1633-ல் ரோமில் கலிலியோ தண்டிக்கப்பட்ட செய்தி வந்ததும், ‘உலகம்’ என்ற தன் நூலை வெளியிடாமல் நிறுத்திவிட்டார் டெகார்ட். 1641-ல் ‘மெடிடேஷன்ஸ்’ (‘தியானங்கள்’) வெளிவந்தபோது அதைப் பாரிஸ் இறையியல் அறிஞர்களுக்குச் சமர்ப்பித்திருந்தார். அதே ஆண்டு நண்பர் மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில், தன் இயற்பியலின் அடித்தளம் முழுவதும் இந்த ஆறு தியானங்களுக்குள் இருக்கிறது, ஆனால் தயவுசெய்து அதை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். இந்தப் பின்னணியோடு படித்தால், கடவுளையும் ஆன்மாவையும் பற்றிய நூலில் திடீரென்று ஒரு மெழுகுத் துண்டு ஏன் வருகிறது என்று குழம்ப மாட்டீர்கள். தீயருகே கொண்டுபோனதும் மணம், நிறம், வடிவம் எல்லாம் மாறினாலும் அதே மெழுகுதான் இருக்கிறது. இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதும் வடிவம் மாறக்கூடியதாக இருப்பதும்தான் மிச்சம். அதைப் பிடித்துக்கொள்வது புலன் இல்லை, அறிவு. புதிய இயற்பியலுக்கு வேண்டிய பருப்பொருள் பின்வாசல் வழியாக உள்ளே வந்தாயிற்று.

முதல் நூலும் மூன்று வாசிப்பும்

வாசிப்புப் பட்டியலில் எது முதலில் இருந்தாலும் ‘மெடிடேஷன்ஸ்’ நூலில் ஆரம்பியுங்கள். சின்ன நூல், ஆறே பகுதி. ஆனால் அதோடு சேர்த்து அச்சிடப்பட்ட ‘தடைகளும் விடைகளும்’ அதைவிடப் பல மடங்கு பெரியது. முதல் பதிப்பிலேயே ஆறு தொகுதித் தடைகள் இருந்தன, 1642-ல் ஏழாவதும் சேர்ந்தது. மூன்றாவது ஹாப்ஸ் எழுதியது, நான்காவது ஆர்னோ, ஐந்தாவது கசென்டி. மாணவர் பதிப்புகள் பலவற்றில் இதை வெட்டிவிடுகிறார்கள். தேர்ந்தெடுத்த தடைகளாவது உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் நூலகத்தில் எடுங்கள்.

முதல் முறை பென்சில் இல்லாமல், கதை படிப்பது மாதிரி வேகமாகப் படித்துவிடுங்கள். புரியாத இடத்தில் நிற்க வேண்டாம். இரண்டாம் முறை ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள்: இங்கே என்ன நிறுவப் பார்க்கிறார்? ‘டெகார்ட் இங்கே கனவைப் பற்றிப் பேசுகிறார்’ என்பது வரியாகாது. ‘விழிப்பையும் கனவையும் பிரித்துக் காட்டும் உறுதியான அடையாளம் இல்லை என்பதால் புலனை நம்ப முடியாது என்கிறார்’ என்பதுதான் வரி. மூன்றாம் முறை தடைகளோடு சேர்த்து. இந்த மூன்றாம் வாசிப்பை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், கட்டுரை எழுதும்போது கைகொடுப்பதோ அதுதான்.

போகிற போக்கில் ஒன்று. ‘நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்ற புகழ்பெற்ற வாக்கியம் அந்த வடிவத்தில் ‘மெடிடேஷன்ஸ்’ நூலில் கிடையாது. 1637-ல் பிரெஞ்சில் வந்த ‘டிஸ்கோர்ஸ்’ நூலில்தான் வருகிறது. இரண்டாம் தியானத்தில் இருப்பது, ‘நான் இருக்கிறேன்’ என்று நான் சொல்லும்போதும் நினைக்கும்போதும் அது உண்மையாகவே இருந்தாக வேண்டும் என்ற கருத்து. ‘ஆகவே’ இல்லாமல் வருவதால் இது ஒரு வாதமா, நேரடி அறிதலா என்று இன்றும் சண்டை நடக்கிறது. நூலை மாற்றி மேற்கோள் காட்டினால் திருத்துகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

ஒரு வாதத்தைப் பிரித்துப் போடுவது

இதைக் கற்றுக்கொள்வதற்குத்தான் பல்கலைக்கழகம். ஆறாம் தியானத்தில் மனமும் உடலும் வேறுவேறு என்று டெகார்ட் நிறுவுகிற இடத்தை எடுத்துக்கொள்வோம். சுருக்கினால் இப்படி வரும்:

ஒன்று, நான் தெளிவாகவும் திட்டவட்டமாகவும் தனித்தனியே புரிந்துகொள்ளும் எதையும் கடவுளால் தனித்தனியே படைக்க முடியும். இரண்டு, சிந்திக்கும் பொருளாக மட்டும் என்னை, உடல் இல்லாமல், அப்படித் தெளிவாகப் புரிந்துகொள்கிறேன். உடலையும் சிந்திக்காத, இடத்தை அடைக்கும் பொருளாக மட்டும் அப்படியே புரிந்துகொள்கிறேன். ஆகவே நான் உடலிலிருந்து உண்மையிலேயே வேறானவன், அது இல்லாமலும் இருக்க முடியும்.

எடுகூற்றுகள் இவை, முடிவு இது என்று பிரித்து எழுதிவிட்டீர்களா? இப்போது எது பலவீனமானது என்று பாருங்கள். கடவுளை நம்பாதவர்கள் முதல் கூற்றின் மேல் பாய்வார்கள். அது சுலபமான தாக்குதல், பெரிதாகப் பயனும் இல்லை. ஆர்னோ, இறையியலாளர், அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை, இரண்டாம் கூற்றின் மேல் கை வைத்தார். அரைவட்டத்துக்குள் வரையும் கோணம் செங்கோணம் என்று ஒருவருக்கு உறுதியாகத் தெரியும் என்று வையுங்கள். ஆகவே அந்த முக்கோணம் செங்கோண முக்கோணம் என்பதும் தெரியும். ஆனால் கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரு பக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்பது அவருக்குத் தெரியாது, அதை மறுக்கக்கூடச் செய்கிறார். டெகார்ட் போன வழியில் போனால், அந்தப் பண்பு இல்லாமலேயே முக்கோணத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்கிறேன், ஆகவே கடவுளால் அந்தப் பண்பு இல்லாத செங்கோண முக்கோணத்தைப் படைக்க முடியும் என்று அவர் முடிவு கட்டலாமே! அது அபத்தம். அப்படியானால் உடல் இல்லாமல் என்னை நினைத்துப் பார்க்க முடிகிறது என்பதும், என்னைப் பற்றிய என் அறிவு அரைகுறை என்பதை மட்டுமே காட்டலாம்.

டெகார்ட் சும்மா விடவில்லை. மனமும் உடலும் தனித்தனியே நிற்கக்கூடிய முழுமையான பொருள்கள், முக்கோணத்தின் பண்பு அப்படித் தனித்து நிற்கும் பொருள் இல்லை, ஆகவே உதாரணம் பொருந்தாது என்கிறார். இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? மனம் முழுமையான பொருள் என்பதுதானே நிறுவ வேண்டியது, அதையே எடுத்துக்கொண்டு பேசலாமா என்று கேட்கத் தோன்றுகிறதா? தோன்றினால் முதல் கட்டுரைக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

எலிசபெத்தின் கேள்வி

பல பாடத்திட்டங்களில் இப்போது சேர்ந்திருக்கிறது, சேராவிட்டாலும் நீங்களே தேடிப் படியுங்கள். போஹீமியாவின் இளவரசி எலிசபெத் 1643 மே மாதம் டெகார்ட்டுக்கு எழுதிய முதல் கடிதம் ஒன்றிரண்டு பக்கம்தான். வெறும் சிந்திக்கும் பொருளான ஆன்மா உடலை எப்படி அசைக்கிறது? ஒன்றை அசைக்க அதைத் தள்ள வேண்டும், தள்ளுவதற்குத் தொட வேண்டும், தொடுவதற்கு இடத்தை அடைத்திருக்க வேண்டும். ஆன்மாவுக்கு அது எதுவும் இல்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்களே, என்று கேட்கிறார். டெகார்ட் சுற்றி வளைத்து ஒரு பதில் எழுதுகிறார். ஜூனில் எலிசபெத் திருப்பி எழுதியதில், பருவடிவம் இல்லாத ஒன்றுக்கு உடலை அசைக்கும் திறன் உண்டு என்று ஒப்புக்கொள்வதைவிட ஆன்மாவுக்கே பருவடிவம் உண்டு என்று ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபம் என்கிறார். மூன்று நூற்றாண்டுக்கு மேலாக மனம்–உடல் பற்றி எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் இது.

அதற்குப் பிறகு டெகார்ட் எழுதிய பதிலில் மாணவர்களுக்கு ஆறுதலான ஒரு வரி உண்டு. கற்பனைக்கு வேலை தரும் சிந்தனைகளுக்கு ஒரு நாளில் சில மணி நேரம்தான் ஒதுக்குவேன், அறிவுக்கு மட்டும் வேலை தரும் சிந்தனைகளுக்கு ஆண்டுக்குச் சில மணி நேரம்தான் என்கிறார். பேராசிரியரிடம் இதைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

எலிசபெத்தோடு நிறுத்த வேண்டாம். ஆன் கான்வே, மார்கரெட் கேவென்டிஷ், எமிலி து ஷாத்லே ஆகியோரின் எழுத்துக்கும் இன்று நல்ல பதிப்புகள் உண்டு. பட்டியலுக்கு அழகு சேர்க்கும் பெயர்களாக இவர்களைப் பார்க்காதீர்கள். பருப்பொருளும் சிந்திக்கும் என்று கேவென்டிஷ் சொல்வது டெகார்ட்டுக்கு நேர் எதிரான, வலுவான ஒரு நிலைப்பாடு.

மற்றவர்களை எங்கிருந்து பிடிப்பது

ஸ்பினோசாவின் ‘எதிக்ஸ்’ 1677-ல், அவர் இறந்த ஆண்டிலேயே வெளிவந்தது. வரையறை, அடிகோள், கூற்று, நிறுவல் என்று வடிவியல் நூல் மாதிரி இருக்கும். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தவர்கள் பத்தாவது கூற்றுக்குள் மூடிவைத்துவிடுகிறார்கள். முதல் பாகத்தின் கடைசியில் இருக்கும் பின்னிணைப்பை முதலில் படியுங்கள். இயற்கை ஏதோ நோக்கத்தோடு இயங்குகிறது என்று மனிதர்கள் நம்புவது ஏன் என்று அங்கே சாதாரண உரைநடையில், கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறார். யாரோடு சண்டை என்பது தெரிந்ததும் வரையறைகளுக்குத் திரும்பி வாருங்கள். இன்னொரு திறவுகோல்: இருப்பதற்கு வேறு எதையும் சார்ந்திராததே உள்பொருள், கண்டிப்பாகப் பார்த்தால் அது கடவுள் மட்டும்தான் என்று டெகார்ட்டே எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, தளர்வான பொருளில் மனத்தையும் உடலையும்கூட அப்படிச் சொல்லலாம் என்று நகர்ந்துவிடுகிறார். ஸ்பினோசா நகரவில்லை, அவ்வளவுதான்.

லைப்னிட்ஸ் சிக்கலான ஆள். எல்லாவற்றையும் ஒரே பெரிய நூலில் சொல்லி முடித்தவர் இல்லை. 1714-ல் எழுதிய ‘மோனடாலஜி’ 90 சிறு பத்திகள்தான், ஆனால் அது முடிவுகளின் சுருக்கம், காரணங்கள் வேறெங்கோ இருக்கின்றன. 1686-ல் தொடங்கிய ஆர்னோவுடனான கடிதப் போக்குவரத்தோடு சேர்த்துப் படித்தால்தான் பிடிபடும். ஆம், அதே ஆர்னோதான், இப்போது எழுபதைத் தாண்டியவர், விடாமல் தடை எழுப்பிக்கொண்டிருக்கிறார்.

லாக்கின் ‘எஸ்ஸே’ மிக நீளம். முழுதும் படிக்கச் சொல்லும் பாடத்திட்டம் அபூர்வம். இரண்டாம் புத்தகத்தில் எட்டாம் அத்தியாயமும் (பண்புகள்) இருபத்தேழாம் அத்தியாயமும் (ஒருவர் அதே ஆளாகத் தொடர்வது) அநேகமாக நிச்சயம் வரும். பெர்க்லியின் ‘மூன்று உரையாடல்கள்’ படிக்கச் சுலபம், பதில் சொல்லத்தான் கஷ்டம்.

ஹியூமுக்கு என் ஆலோசனை கொஞ்சம் வழக்கத்துக்கு மாறானது. 1739–40-ல் வந்த ‘ட்ரீட்டைஸ்’ சரியாக விற்கவில்லை. 1740-ல் யாரோ ஒருவர் மதிப்புரை எழுதுவது போல, தன் பெயரைப் போடாமல், அதன் மையமான வாதங்களை ஹியூமே ஒரு சிறு பிரசுரமாக எழுதி வெளியிட்டார். ‘சுருக்கம்’ என்று பெயர். ஒரு மாலையில் முடித்துவிடலாம். ஒரு பந்து இன்னொன்றை இடிக்கிறது, இரண்டாவது நகர்கிறது. இடித்ததையும் நகர்ந்ததையும் பார்த்தோம். ‘நகர்ந்தே ஆக வேண்டும்’ என்பதை எங்கே பார்த்தோம்? அதில் ஆரம்பித்து 1748-ன் ‘என்கொயரி’ நூலின் நான்கு, ஐந்து, ஏழாம் பகுதிகளுக்குப் போங்கள். ‘ட்ரீட்டைஸ்’ கடைசியில்.

கான்ட்டை இந்தப் பாடத்தின் முடிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தன் உறக்கத்தைக் கலைத்தவர் ஹியூம் என்று அவரே சொல்கிறார். ஹியூமின் தடை என்ன என்று தெரியாமல் 1781-ன் ‘கிரிட்டிக்’ நூலுக்குள் போனால் எதற்கு இத்தனை பாடு என்றே விளங்காது.

அறிவுவாதிகள் மூவர் (டெகார்ட், ஸ்பினோசா, லைப்னிட்ஸ்), அனுபவவாதிகள் மூவர் (லாக், பெர்க்லி, ஹியூம்) என்ற அட்டவணையை எல்லாக் கையேட்டிலும் பார்ப்பீர்கள். பெயர்களை ஞாபகம் வைக்க உதவும். வாதங்களைப் புரிந்துகொள்ள அவ்வளவாக உதவாது. தங்களை இப்படி இரண்டு அணியாக அவர்கள் பிரித்துக்கொள்ளவில்லை. காரண–காரியம் பற்றி ஹியூம் சொல்வதில் பெரும்பகுதி, அவருக்கு ‘எதிர் அணி’யில் வழக்கமாகச் சேர்க்கப்படுகிற பிரெஞ்சுத் தத்துவவாதி மாலெப்ராஞ்சிடம் ஏற்கெனவே இருக்கிறது. மாலெப்ராஞ்ச் முடிவில் கடவுளைக் கொண்டுவருகிறார், ஹியூம் கொண்டுவரவில்லை.

பதிப்பு, மேற்கோள்

கட்டுரையில் உங்கள் பதிப்பின் பக்க எண்ணை மட்டும் கொடுத்தால் போதாது. ஒவ்வொருவருக்கும் எல்லாப் பதிப்புக்கும் பொதுவான எண் முறை உண்டு. டெகார்ட்டுக்கு ஆதாம்–தான்னெரி தொகுப்பின் தொகுதியும் பக்கமும், நல்ல மொழிபெயர்ப்புகளில் பக்க ஓரத்தில் இருக்கும். ஸ்பினோசாவுக்குப் பாகமும் கூற்று எண்ணும். லாக்குக்குப் புத்தகம், அத்தியாயம், பிரிவு. கான்ட்டுக்கு 1781 பதிப்பு ஏ, 1787 பதிப்பு பி. முதல் வாரத்திலேயே இதைப் பழகிவிட்டால் பிறகு குறிப்புகளைத் தேடி அலைய வேண்டாம்.

பழைய ஆங்கில நடை திணறடித்தால், ஜொனாதன் பென்னட் எளிமைப்படுத்திய வடிவங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. புரிந்துகொள்ள அதைப் படியுங்கள், மேற்கோள் மட்டும் மூலத்திலிருந்து எடுங்கள். உரை நூல்களுக்குப் போகும் முன் ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியத்தில் உரிய கட்டுரையைப் பாருங்கள், இலவசம், நம்பகமானது. ஆனால் வரிசை முக்கியம்: மூலம் முதலில், உரை பிறகு. உரையை முதலில் படித்தவர்களுக்கு மூலத்தில் உரைகாரர் சொன்னது மட்டும்தான் தெரியும்.

செமினார், கட்டுரை, தேர்வு

செமினாருக்கு ஒரே ஒரு கேள்வியோடு போங்கள், பக்க எண்ணோடு. ‘எனக்கு ஸ்பினோசா புரியவில்லை’ என்றால் யாராலும் உதவ முடியாது. ‘ஐந்தாம் கூற்றின் நிறுவலில் இந்த வரி எந்த வரையறையிலிருந்து வருகிறது?’ என்றால் வகுப்பே விழித்துக்கொள்ளும். பாதிப் பேருக்கு அதே சந்தேகம் இருந்திருக்கும்.

கட்டுரையை ‘மனிதன் தோன்றிய காலம் முதலே’ என்று ஆரம்பிக்காதீர்கள். டெகார்ட் எங்கே பிறந்தார் என்பதும் வேண்டாம். முதல் பத்தியிலேயே உங்கள் முடிவைச் சொல்லிவிடுங்கள்: ‘ஆர்னோவின் தடைக்கு டெகார்ட் தரும் விடை போதாது, காரணம் இது.’ அடுத்து வாதத்தைப் பிரித்துப் போடுங்கள். அடுத்து தடை. அப்புறம் டெகார்ட்டின் சார்பில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த விடை, அவர் எழுதியதைவிட நன்றாக உங்களால் எழுத முடிந்தால் அப்படியே எழுதுங்கள். எதிராளியை நோஞ்சானாக்கி அடித்து வீழ்த்துவது திருத்துகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். கடைசியில் அந்த விடையும் ஏன் நிற்கவில்லை, அல்லது ஏன் நிற்கிறது என்று சொல்லுங்கள். ஒரே ஒரு தடையை ஆழமாக எடுத்த கட்டுரை, ஐந்து தடைகளை ஆளுக்கொரு பத்தியாக அடுக்கிய கட்டுரையைவிட எப்போதும் மேல்.

தேர்வில் ஒரு பத்தியைக் கொடுத்து விளக்கச் சொன்னால், அது எந்த வாதத்தின் எந்தப் படி என்று முதல் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். மற்றது தானாக வரும்.

மொழியும் ஆய்வேடும்

இளங்கலைக்கு மொழிபெயர்ப்பு போதும். முனைவர் பட்டம்வரை போகும் எண்ணம் இருந்தால் லத்தீனோ பிரெஞ்சோ, கான்ட் பக்கம் போகிறவர்கள் ஜெர்மனோ, இரண்டாம் ஆண்டிலேயே ஆரம்பிப்பது நல்லது. ‘மெடிடேஷன்ஸ்’, ‘எதிக்ஸ்’ இரண்டும் லத்தீன், லைப்னிட்ஸ் அதிகமும் லத்தீனிலும் பிரெஞ்சிலும் எழுதினார்.

இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு ‘லாக்கின் அறிவுக் கோட்பாடு’ மாதிரி தலைப்போடு போனால் மேற்பார்வையாளர் பெருமூச்சு விடுவார். ஒரு கேள்வி, இரண்டு மூன்று பேர் தந்த விடை, இந்த அளவில் சுருக்குங்கள். ஒரு மாதிரி: பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் கனசதுரத்தையும் உருண்டையையும் தொட்டுப் பார்த்து வேறுபடுத்தத் தெரிந்தவர். திடீரென்று பார்வை வந்தால், தொடாமல், பார்த்தே எது எது என்று சொல்வாரா? மாலினோ என்ற அயர்லாந்து அறிஞர் லாக்குக்குக் கடிதத்தில் கேட்டது இது. முடியாது என்ற பதிலோடு 1694-ல் வந்த ‘எஸ்ஸே’ இரண்டாம் பதிப்பில் லாக் சேர்த்தார். பெர்க்லி 1709-ல் எழுதிய பார்வை பற்றிய நூலில் அதே பதிலைத் தன் சொந்தக் காரணங்களோடு சொல்கிறார். லாக்குக்கு மறுப்பாக லைப்னிட்ஸ் எழுதிய நூலிலோ, அந்த இரண்டும்தான் எதிரே இருக்கின்றன என்று முன்பே சொல்லிவிட்டால், யோசித்துக் கண்டுபிடித்துவிடுவார் என்ற பதில் இருக்கிறது. 1704-ல் லாக் இறந்துவிட்டதால் அதை லைப்னிட்ஸ் வெளியிடவில்லை, 1765-ல்தான் அச்சில் வந்தது. மூன்று பேரின் அந்தப் பகுதிகளையும் சேர்த்தால் சில பத்துப் பக்கம்தான் வரும். அதை முதலில் நகல் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லைப்னிட்ஸ் எந்த இடத்தில் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக்கொள்கிறார் என்று தேட ஆரம்பியுங்கள்.